கண்டங்கத்தரிப் புகை

திருமானூர்
4.2.2024

அன்புத் தங்கை வேணிக்கு, அண்ணன் சாமிதுரை எழுதுவது. நீயும் மாப்பிள்ளை நல்லுசாமியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே நானும் உன் அண்ணி செங்கமலமும் இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே.

கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பாய். கவர் வாங்கப் போனபோது தபால் ஆபீஸ் பெண்ணே என்னை மேலும் கீழும் பார்த்தது. எனக்கு வேறு வழியில்லை, வேணி. நாக்கில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். நான் பேசினால் எனக்கே புரிவதில்லை. தமிழ்மாறன் தன் போனைக் கொடுத்து அதில் தட்டுங்கள் அப்பா என்கிறான். அந்த எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மேலும் மகன் போனில் ஒன்றைப் போட்டால் மருமகள், மருமகளின் அம்மா என்று ஊரே படித்துவிடும். முப்பத்தோரு வருஷம் அரியலூர் தஞ்சாவூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து தொண்டை கிழியக் கத்தியாயிற்று. மிச்சம் இருப்பதைப் பேனாவால் பேசிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு நீ வந்தபோது என்னால் சொல்ல முடியாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் கடைவாய்ப் பல் வலி, நாக்கு ஓரத்தில் புண் என்று உன்னிடம் வந்தேன் அல்லவா? மூன்று முறை கண்டங்கத்தரிப் புகை போட்டாய். ஏழு புழு விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். வலியும் நின்றது. ஒரு மண்டலம் கருவாடு தொடக்கூடாது, கத்தரிக்காய் தொடக்கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். இரண்டாவது புகை போட்ட மறுவாரமே ஒரு கல்யாண வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டேன். உன்னிடம் மறைத்துவிட்டேன். உன் மருந்தை நான்தான் கெடுத்தேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. உன் கைராசியை யாராவது குறை சொன்னால் அது என்னால்தான்.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பதில் போடு.

அண்ணன்
சாமிதுரை


செட்டிகுளம்
16.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு வேணி வணங்கி எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நலம். அவருக்குக் கால் வலி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. தைலம் தேய்க்கிறேன். அண்ணி தூங்குகிறார்களா? ஆஸ்பத்திரியில் அவர்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இந்த வருஷம் சின்ன வெங்காயம் பரவாயில்லை. நுனி கருகாமல் வந்தது. கொல்லையிலேயே பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருக்கிறோம். விலை ஏறினால் எடுக்கலாம் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. பக்கத்துக் கொல்லையில் மக்காச்சோளத்தைப் பன்றி துவைத்துவிட்டது.

நீங்கள் கஞ்சியை வடிகட்டிக் குடிக்கிறீர்களா, இல்லை குழாய் இன்னும் இருக்கிறதா? இளநீர் சேருமா என்று டாக்டரைக் கேளுங்கள். கரண்ட் வைக்கிற சிகிச்சைக்குப் போகும்போது தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், வெயில் ஆரம்பித்துவிட்டது. தமிழ்மாறனைக் கூடவே வரச் சொல்லுங்கள்.

கருவாட்டைப் பற்றியெல்லாம் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உடம்பைப் பாருங்கள்.

தங்கை
வேணி


திருமானூர்
3.3.2024

அன்புத் தங்கைக்கு. உன் கடிதம் படித்தேன், இரண்டு முறை படித்தேன். வெங்காயம் இருக்கிறது, பன்றி இருக்கிறது, இளநீர் இருக்கிறது. புகையைப் பற்றி ஒரு வரி இல்லை. என்மேல் உனக்கு வருத்தம் என்று புரிந்துகொண்டேன். பத்தியம் மீறியவன்மேல் வருத்தம் இருக்கத்தான் செய்யும். திட்டியாவது எழுது, தாங்கிக்கொள்கிறேன்.

கரண்ட் வைப்பது பதினெட்டு முடிந்தது. கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. உன் அண்ணி தினமும் கற்றாழை தடவுகிறாள். அவளுக்கு இப்போது என் ஊமைப் பேச்சு பழகிவிட்டது. தண்ணீர் கேட்டால் தண்ணீர் வருகிறது. போன வாரம் வரை விசிறி வரும்.

எழுத வந்த விஷயம் இது. மணிமாறனை உனக்கு நினைவிருக்கும். கடைசி நாலு வருஷம் நான் கண்டக்டராக இருந்த வண்டிக்கு அவன்தான் டிரைவர். உன் மகன் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் அப்பளம் கேட்டுக் கேட்டு வாங்கினானே, அந்தப் பையன். பையன் என்கிறேன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தான். அவனுக்கும் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. காரம் பட்டால் எரிகிறதாம். தூக்கம் வராமலிருக்க வண்டியில் புகையிலை அடக்குவான். என்னிடம் கற்றுக்கொண்ட பழக்கம்தான், அது வேறு கதை. நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "செட்டிகுளத்துக்குப் போ. என் தங்கச்சி பல்லுப் புழு எடுப்பா. பத்தியத்தை மட்டும் என்னை மாதிரி மீறாதே." நீ புகை போடுகிற செவ்வாய்க்கிழமை ஒன்றில் வருவான். நல்லபடியாகப் பார்.

அண்ணன்
சாமிதுரை


செட்டிகுளம்
21.3.2024

அண்ணனுக்கு வேணி எழுதுவது. உங்கள் கழுத்துப் புண் ஆறியதா? நாங்கள் நலம். எனக்கு உங்கள்மேல் எந்த வருத்தமும் இல்லை. அப்படி நினைக்கவே கூடாது.

பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டது. தேருக்கு ஊர் நிரம்பி வழியும். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், சமையல் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். மணிமாறனை இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்டங்கத்தரிப் பழமும் கிடைப்பதில்லை. எங்கள் பக்கம் தரிசையெல்லாம் டிராக்டர் விட்டு ஓட்டிவிட்டார்கள். கையிருப்பில் இருந்த விதையும் தீர்ந்துவிட்டது. அவர் டவுனில் ஏதாவது பல் டாக்டரைப் பார்க்கட்டும். பெரம்பலூரில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வெயிலில் அலையாதீர்கள்.

தங்கை
வேணி


திருமானூர்
1.4.2024

அன்புள்ள வேணிக்கு. தேர் நல்லபடியாக நிலைக்கு வந்ததா? மாப்பிள்ளை வடம் பிடிக்கப் போய் காலை இழுத்துக்கொண்டாரா? கரண்ட் முடிந்துவிட்டது. முப்பத்து மூன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள்.

பழம் இல்லை என்று எழுதியிருந்தாய். பங்குனி வெயிலில் கண்டங்கத்தரி பழுக்காமல் வேறு எது பழுக்கும்? இங்கே கொள்ளிடக் கரை நெடுக மஞ்சள் மஞ்சளாகக் கிடக்கிறது. மூன்று நாள் காலையில் போய் நானே பறித்தேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. அந்தச் செடிக்குத்தான் இலையிலும் முள், தண்டிலும் முள் ஆயிற்றே. விரலெல்லாம் குத்திவிட்டது. உன் அண்ணி ஊசியை வைத்துக்கொண்டு முள் எடுத்தபடி திட்டினாள். நான் பதில் பேசவில்லை, பேச முடிந்தாலும் பேசியிருக்க மாட்டேன். இத்தனை நாள் வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

நிழலில் காயவைத்து மஞ்சள் பையில் கட்டி மணிமாறனிடம் கொடுத்திருக்கிறேன். முக்கால் படி தேறும். அவனுக்குப் போக மீதியை மற்றவர்களுக்கு வைத்துக்கொள். வருகிற செவ்வாய், ஒன்பதாம் தேதி, அவனுக்கு லீவு. பையோடு வருவான். உன் மருந்தை நான் கெடுத்ததற்கு இது ஒரு பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்.

அண்ணன்
சாமிதுரை


செட்டிகுளம்
29.4.2024

அண்ணனுக்கு. நலம். மணிமாறன் வந்தார். பையைக் கொடுத்தார். பார்த்து அனுப்பினேன்.

உங்கள் விரல் ஆறிவிட்டதா? இனிமேல் முள்ளுக்குள் கை வைக்காதீர்கள்.

வேணி


திருமானூர்
8.5.2024

அன்புத் தங்கை வேணிக்கு. நீங்கள் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு இப்போது கூழ் இறங்குகிறது. உன் அண்ணி இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தாள், அதுவும் இறங்கியது. ருசி மட்டும் தெரியவில்லை.

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. பரவாயில்லை, விவரத்தை மணிமாறனே வந்து சொல்லிவிட்டான். ஒன்பது புழுவாமே! எனக்கு ஏழுதான். என்னையே மிஞ்சிவிட்டான். "அண்ணே, தாம்பாளத்தில நெளிஞ்சத என் கண்ணால பாத்தேன். எரிச்சல் அன்னிக்கே நின்னுப் போச்சு" என்று வாய் நிறையச் சிரித்தான். அவன் மனைவி பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டக் கூப்பிட்டாளாம். புழுவே போனபின் டாக்டர் எதற்கு என்று சொல்லிவிட்டானாம். வாயைத் திறந்து காட்டினான். வெள்ளை அப்படியேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. போகப் போக உதிரும்தானே? புகையிலையை மறுபடி அடக்குகிறான், பத்தியத்தில் அதை விலக்கவில்லையாம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

டெப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவருக்குப் பல், இன்னொருவருக்கு நாக்கில் புண். சாமிதுரையின் தங்கை என்றால் இப்போது தனி மரியாதை. நாக்கு போனவனுக்கு அதில் ஒரு பெருமை.

அண்ணன்
சாமிதுரை


செட்டிகுளம்
15.5.2024

அண்ணனுக்கு வேணி எழுதுவது. நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அண்ணே, அது புழு இல்லை.

நான் எப்படிப் புகை போடுகிறேன் என்று பார்த்திருக்கிறீர்கள். கலப்பைக் கொழுவை அடுப்பில் சிவக்கக் காய்ச்சுவேன். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் கொழுவை வைப்பேன். கண்டங்கத்தரி விதையை நல்லெண்ணெயில் பிசைந்து கொழுவில் போட்டு, ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியால் மூடி, பப்பாளிக் காம்பு வழியாகப் புகையை வாய்க்குள் விடுவேன். விதை சூட்டில் படபடவென்று வெடிக்கும். வெடிக்கும்போது அதற்குள் இருக்கிற முளைக் குருத்து, வெள்ளையாக, வளைந்து, நூல் மாதிரி இருப்பது, தெறித்துத் தண்ணீரில் விழும். புகை பட்ட வாயிலிருந்து எச்சிலும் தண்ணீரில் வடியும். தாம்பாளத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் தண்ணீர் ஆடும், அதுவும் ஆடும். புழு நெளிகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

இது மாமியார் முத்தாயி கையிலிருந்து எனக்கு வந்தது. அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும். ஒரு தடவை புது விதை வெடிக்கிறதா என்று பார்க்க, யாரும் இல்லாதபோது கொழுவில் போட்டேன். வாயும் இல்லை, பல்லும் இல்லை. தண்ணீரில் எட்டுப் புழு மிதந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டுச் சமைக்கப் போனேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். புகை பட்டால் பல் வலி நாலைந்து நாள் மரத்துப் போவது நிஜம். அந்தப் பழத்தில் மருந்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இதே கண்டங்கத்தரியை வேரோடு பிடுங்கி, சுக்கு சேர்த்து நான் வைக்கிற கஷாயம் எத்தனையோ பேருக்கு இளைப்பை நிறுத்தியிருக்கிறது. காசு வாங்குவதில்லை, யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. பாடாலூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து பல்லுக்காரம்மா வீடு எது என்று கேட்பார்கள். பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பேரைச் சொல்லித்தான் எனக்கு நாற்காலி போட்டார்கள். பல்லுக்காரம்மா இல்லையென்றால் நான் வெங்காயம் அரிகிற வேணிதான்.

ஆவணியில் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். பல்லை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நாக்கு ஓரத்தில் கறைபடிந்த வெள்ளை, நடுவில் சிவப்பாகக் குழி. இது பல் சம்பந்தப்பட்டது இல்லை என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது. வாசலில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். "இது எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்த ஒன்பது பேரும் கேட்பார்கள். புழு அரித்த புண் என்றேன். நீங்கள் கும்பிட்டீர்கள். என்னைவிட எட்டு வயது மூத்தவர், என்னைக் கும்பிட்டீர்கள். அதற்கப்புறம் இரண்டு முறை வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகியிருந்தது. ஐந்து மாதம், அண்ணே. உங்கள் கருவாட்டில் ஒரு பாவமும் இல்லை.

பழம் இல்லை என்று எழுதியது பொய். எங்கள் வேலி ஓரமே மஞ்சளாகத்தான் கிடந்தது. நீங்கள் விரலில் முள் ஏறப் பறித்து அனுப்பிய பையை மணிமாறன் சிரித்துக்கொண்டு நீட்டினார். வாசலில் ஆட்கள் இருந்தார்கள். அவர் வாயிலும் பார்த்தேன். உங்கள் நாக்கில் பார்த்த அதே வெள்ளை. உங்களுக்கு நடந்தது தெரிந்தும், உங்கள் கை பறித்த விதையைப் போட்டே அவருக்கும் புழு காட்டினேன். இதற்கு மேல் என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார். உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்படுவார்.

என்னைத் தங்கை என்று நினைக்க முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

வேணி


திருமானூர்
13.6.2024

வேணிக்கு.

உன் கடிதம் வந்து மூன்றரை வாரம் ஆகிறது. அண்ணியிடம் காட்டவில்லை. முதல் நாள் மட்டும் ஒரு வேலை செய்தேன். சிலேட்டை எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போய் மணிமாறனை வண்டியிலிருந்து இறக்கினேன். வரமாட்டேன் என்றான். "அக்காதான் எடுத்துட்டாங்களே, அண்ணே" என்று சிரித்தான். என் வாயைத் திறந்து காட்டினேன். இதுவரை அவன் முழுதாகப் பார்த்ததில்லை. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கன்னத்தில் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்துவிட்டது. அதே வியாதிதான். ஆரம்பம், வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். கன்னத்தோடு போகும், நாக்குக்கு வரவில்லை. மற்ற இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதலாம் என்று இத்தனை நாள் பார்த்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருக்கிறது.

நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உன்னிடம் வருவதற்கு முந்தின மாதம் டெப்போவில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. அந்த டாக்டர் என் நாக்கைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூருக்குப் போய் டெஸ்ட் எடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குப் பயம். நேரே செட்டிகுளத்துக்கு பஸ் ஏறினேன். உன்னிடம் வந்தால் நீ புழு என்றுதான் சொல்வாய் என்று தெரியும். அதைக் கேட்கத்தான் வந்தேன். அந்தச் சீட்டைப் பற்றி உன் அண்ணிக்கு இன்றுவரை தெரியாது. கருவாடு கருவாடு என்று நான் புலம்பியதெல்லாம் இதை மூடத்தான். ஆக, வெட்கம் உனக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் அதனால் உன் பங்கு குறைந்துவிடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதினோரு வருஷமாக மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. மகனிடம் சொல்லவில்லை. வாசலில் காத்திருந்தவர்களிடம் சொல்லவில்லை. மணிமாறன் உன் எதிரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், அவனிடமும் சொல்லவில்லை. தேடிப் பிடித்து என்னிடம் சொன்னாய். வெளியே போய்ச் சொல்ல நாக்கு இல்லாதவனிடம்.

சாமிதுரை


செட்டிகுளம்
28.6.2024

அண்ணனுக்கு வேணி எழுதுவது. நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் ஆகிறதே, ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனீர்களா?

உங்கள் கடைசி வரியைப் படித்தேன். நீங்கள் எழுதியது சரிதான். எழுதும்போது எனக்கே தெரியவில்லை, ஆனால் சரிதான். முதலில் அவரிடம் சொன்னேன். "எங்கம்மாளையும் சேத்துல்ல சொல்ற" என்றார். அப்புறம் தோட்டத்துக்குப் போய்விட்டார். பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே நின்று, "ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லி அனுப்பினார். எனக்காக அவரும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தச் செவ்வாய் பதினொரு பேர் வந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். குரல் எழும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "இனிமே புகை போட மாட்டேன். அது புழு இல்ல. வெதைக்குள்ள இருக்குற குருத்து." ஒருவரும் நம்பவில்லை. "அம்மாவுக்கு யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்றாள் ஒருத்தி. "ஆஸ்பத்திரிக்காரன் மெரட்டிருப்பான்" என்றார் ஒரு பெரியவர். வலிக்குது, சும்மா போடுங்கம்மா என்று ஒரு அம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவளைத் தள்ளி உட்காரச் சொன்னேன். கொழுவைக் காய்ச்சினேன். வாசலுக்குக் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்து, நீங்கள் பறித்த விதையில் ஒரு கை போட்டேன். யார் வாயும் பக்கத்தில் இல்லை. தாம்பாளத்தைச் சாய்த்துக் காட்டினேன். பெரியவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒருத்தி மட்டும், "அப்ப என் மவளுக்கு ஆறு தடவ எடுத்தியே, அது?" என்று கேட்டாள். அதே குருத்துதான் என்றேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

முன்னால் வந்து உட்கார்ந்த அம்மாள் பெயர் வளர்மதி. அவள் மட்டும் போகவில்லை. கன்னம் வீங்கியிருந்தது. "புழுவோ குருத்தோ, வலி நிக்குதுல்ல? போட்டு வுடு" என்றாள். அண்ணே, என் கை கொட்டாங்கச்சிப் பக்கம் போனது, மறைக்க மாட்டேன். அப்புறம் அவளை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி, பெரம்பலூரில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டரம்மா. பல்லைப் பார்த்துவிட்டு, சீழ் கட்டியிருக்கு, ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க, இதுக்கு முன்னாடி யார்கிட்ட காட்டினீங்க என்று கேட்டாள். வளர்மதி என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"நான்தாங்க பாத்தேன்" என்றேன்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த மாதிரி எத்தனை பேருக்குப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மகனுடைய பழைய நோட்டில் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாக எழுதுகிறேன். நினைவுக்கு வந்தவரை இருநூற்றுப் பதினாறு பேர். பல்லுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, வாய்க்குள் புண்ணோ வெள்ளையோ பார்த்த ஞாபகம் இருப்பவர்களைத் தனியாக எழுதினேன். பதினான்கு பேர். ஊர் தெரியாதவர்களின் ஊரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வீடாகப் போகப் போகிறேன். அவர் கூட வருகிறேன் என்கிறார், அந்தக் காலை வைத்துக்கொண்டு.

மணிமாறன் வீட்டுக்கு வியாழக்கிழமை போனேன். அவர் மனைவி கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினாள். அவள் அப்படிச் செய்ததுதான் நியாயம். வெளியில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பதினான்கில் முதல் பெயர் உங்களுடையது. உங்களுக்கு எழுத்தில் சொன்னேன். அது சொன்னதாகாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். அண்ணி, தமிழ்மாறன், மருமகள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்கிறேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் தெருவில் நின்று சொல்கிறேன். உங்களுக்குக் கேட்டால் போதும்.

வேணி